எட்டு ஆண்டுகளில் 38,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார்: ஆண்டு முழுவதும் நம்பி ஓட்ட எவற்றைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை வேளச்சேரியில் இருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் இதுவரை 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வார நாட்களில் கடைகண்ணிக்கும் பள்ளிக்குமாகச் சில கிலோமீட்டர், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சொந்த ஊரான தென்காசிக்கு, மே மாதத்தில் ஒருமுறை ஊட்டிக்கு. கோடை, மழை, மலைப்பாதை ஆகிய ஒவ்வொன்றுக்கும் காரைத் தனியாகத் தயார் செய்ய வேண்டுமா, அல்லது சர்வீஸ் சென்டர் இம்முறை நீட்டியிருக்கும் பதினான்கு வேலைகள் கொண்ட பட்டியலுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்கு இன்னும் பத்து நாட்களே இருப்பதால், வயதான தாயாரை அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் முன் எதையாவது செய்தாக வேண்டும் என்ற கவலையும் தெரிகிறது. ஆனால் நடுவே, ‘வண்டி அதிகம் ஓடவில்லை, ஆகவே எல்லாம் ஏறத்தாழப் புதிதுதான்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் பதில் முழுவதும் அந்த வரியைச் சுற்றித்தான் இருக்கப்போகிறது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, ஒன்பது ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, கடந்த பதினேழு ஆண்டுகளாகக் கோவை மேட்டுப்பாளையம் சாலையில் சொந்தப் பட்டறை நடத்துகிறேன். நீலகிரியிலிருந்து இறங்கி வரும் வண்டிகள் முதலில் தென்படும் பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று என்பதால், சூடேறிய பிரேக்கைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், டீசல் கார்கள் மட்டுமே எனக்குப் பழக்கம், மின்சாரக் கார்களுக்கு நான் சொல்வதெல்லாம் பொருந்தாது. உங்கள் காரை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்ல முடியுமே தவிர, இன்ன பாகம் கெட்டுவிட்டது என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது.

காரின் கையேட்டைத் திறந்தால், ஏறக்குறைய எல்லாப் பராமரிப்பு வேலைகளுக்கும் எதிரே இரண்டு அளவுகள் இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. நம்மில் பலர் முதல் அளவை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். பிரேக் பேட், கிளட்ச் பிளேட் போல உராய்ந்து தேய்பவை ஓட்டத்தால் தேய்கின்றன. ரப்பரும் திரவங்களும் பேட்டரியும் காலத்தாலும் வெப்பத்தாலும் கெடுகின்றன, வண்டி நிழலில் நின்றுகொண்டே இருந்தாலும் கெடும். விபத்தைத் தவிர்ப்பதில் முன்னால் நிற்கும் டயர், பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ், வைப்பர் ரப்பர் ஆகிய அத்தனையும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஆகவே குறைவாக ஓடிய எட்டு வயதுக் கார், என்ஜினைப் பொறுத்தவரை இளமையாகவும் பாதுகாப்பைப் பொறுத்தவரை முதுமையாகவும் இருக்கலாம். ஓட்டம் மிகுந்த டாக்சியில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் டயர் மொட்டையாகிவிடுவதால் வேறு வழியின்றிப் புதிது போட்டுவிடுகிறார்கள்.

டயரிலிருந்து தொடங்குகிறேன். கீழே உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அந்த எண் உங்கள் பக்கம் தெரியவில்லை என்றால் டயரின் உட்புறம் இருக்கும். பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார். உங்கள் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே டயர்கள் இருக்கின்றன என்றும், பட்டன் (தரையைத் தொடும் பக்கத்தில் தடங்களுக்கு இடையே உயர்ந்திருக்கும் ரப்பர்) நன்றாக இருப்பதால் மாற்றத் தேவையில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பட்டன் ஆழம் என்பது ஒரு கேள்வி, ரப்பரின் வயது வேறொரு கேள்வி. ஆழத்துக்குச் சட்டமும் அளவும் உண்டு: தடங்களுக்கு நடுவே ஆங்காங்கே குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரம் கொண்டவை, பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயர் ஓட்டத் தகுதியற்றது. மழைச் சாலையில் தண்ணீரை வெளியே தள்ள அந்த 1.6 மி.மீ. போதாது என்பது என் அனுபவம், 3 மி.மீ. ஆனதுமே மாற்றச் சொல்கிறேன்.

வயதுக்கு அப்படி ஒரு கறாரான கோடு இல்லை. டயர் நிறுவனங்களில் பல, ஐந்தாண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டுக்கு மேல் எந்த நிலையிலும் ஓட்டக்கூடாது என்கின்றன. சில கார் நிறுவனங்கள் ஆறாண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. பட்டறைக்காரர்களிடையேயும் இதில் ஒருமித்த கருத்து கிடையாது. என் கருத்தைக் கேட்டால், நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு ஆறு ஆண்டு என்பேன், நிழலில் நிற்பதற்கு ஏழு. பக்கவாட்டிலோ பட்டனின் அடித்தடத்திலோ நகக்கீறல் போன்ற மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வயதைக் கணக்கிட வேண்டியதே இல்லை. பக்கவாட்டில் எங்காவது கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே நூலடுக்கு அறுந்திருக்கிறது, அந்த டயர் ஒரு நாள்கூட ஓடக்கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் மே மாத மதியத்தில் திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் என் மச்சானின் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இடப்புற டயர் வெடித்தது. பட்டன் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது, ஏழு வயதான டயர். வேகம் 90ஐத் தாண்டாததாலும் பக்கத்தில் லாரி எதுவும் இல்லாததாலும் தப்பினோம். ஊருக்கெல்லாம் டயர் பார்த்துச் சொல்லும் நான், கிளம்பும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்கவில்லை. அப்படி வெடித்தால் செய்ய வேண்டியது மனத்தின் இயல்புக்கு நேர்மாறானது: பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகே ஓரம் கட்ட வேண்டும்.

காற்றழுத்தத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான பழக்கம் உண்டு. கத்திரி வெயிலில் டயர் வெடிக்கும் என்று அஞ்சி இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து வைப்பார்கள். காற்று குறைந்த டயரின் பக்கவாடு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலே உள்ளே வெப்பமாக மாறுகிறது, வெப்பம் ரப்பரையும் நூலடுக்கையும் பிரிக்கிறது. நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களில் நான் பார்த்தவரை காற்று கூடி வெடித்ததைவிடக் காற்று குறைந்து சூடேறி வெடித்ததே மிகுதி. 30 பாகை வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், ஓடி 60 பாகைக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 37 அல்லது 38 பிஎஸ்ஐ ஆகும். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்தே டயர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கான அளவு இருக்கும், முழு ஆட்களும் சாமான்களும் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு என்று பல கார்களில் தனியாகவும் குறித்திருப்பார்கள். ஊருக்குப் போகும்போது அந்த இரண்டாவது அளவைப் பின்பற்றுங்கள். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்வது நல்லது. நைட்ரஜன் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். போட்டால் தீங்கில்லை, போடாவிட்டால் நட்டமும் இல்லை. மாதம் இருமுறை அளவு பார்க்கும் பழக்கம் அதைவிடப் பயன் தரும்.

அடுத்தது பிரேக் ஆயில். உங்கள் பட்டியலில் பதினோராவது வரியில், ‘விருப்பமிருந்தால்’ என்ற குறிப்போடு அது இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதை முதல் இரண்டு வரிகளுக்குள் வைத்திருப்பேன். பிரேக் மிதியை அழுத்தும் உங்கள் காலின் விசையைச் சக்கரம் வரை கொண்டுசெல்வது அந்தத் திரவம்தான். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். இந்த ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணம் உண்டு, சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு, சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்தத் தர அளவே 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவை 205, 140. நகருக்குள் ஓட்டும்வரை இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஊட்டியிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், ஒரு பீப்பாயிலிருக்கும் 80 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றுத் தடையும் டயர் உராய்வும் தின்றுவிடும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். நியூட்ரலில் இறக்கினால் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பேட் வழியாகத் திரவத்துக்கு ஏறி, பழைய ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கையில் நியூட்ரல் போடுவோருக்கு இன்னொரு செய்தி: இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு இறங்கும்போது கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் செலவாகிறது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் அப்படியே பொருந்தும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளானாலும் கல்லட்டியின் முப்பத்தாறானாலும் இதுதான் முறை. இறக்கத்தில் கருகிய நெடி வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் காத்திருங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் நெளிந்துவிடும்.

எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். குப்பியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது மாற்றுவதாகாது. நான்கு சக்கரங்களிலும் பழையது வெளியேறிப் புதியது வரும்வரை பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும். எந்த வகை என்பது குப்பியின் மூடியிலேயே எழுதியிருக்கும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பேட் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். பின்சக்கர டிரம்மையும் திறந்து தூசியைத் துடைத்து, சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரமாகும் என்பதால் பல இடங்களில் திறப்பதே இல்லை.

மழைக்காலத்துக்கு வருகிறேன். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது, அதற்கு முந்தைய ஆறேழு மாதங்கள் வைப்பர் ரப்பர் கண்ணாடியின் மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே வைப்பர் மாற்றும் மாதம் செப்டம்பர் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு, ஆனால் இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கோடு கோடாகச் சிதறும்போதுதான் அதன் அருமை தெரியும். 80 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் பிரேக் பிடிக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய 36 மீட்டரில் நிற்கும் கார், ஈரச் சாலையில் அறுபது மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் கடக்கும் 22 மீட்டர் இதில் சேராது. முதல் மழையின் முதல் அரைமணி நேரம்தான் மிக வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் சேறாகக் குழைகின்றன. கண்ணாடியில் உட்புறம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் வைத்து, கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்பது தெரியாமல் போகிறது. சாதாரண ஹெட்லைட் எரிந்தால் போதும். ஹெட்லைட்டின் மேல்மூடி வெயிலில் மஞ்சளித்திருந்தால் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசியான உங்களுக்குத் தேங்கும் தண்ணீரைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர் நீங்கள். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே உங்கள் பகுதியினர் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தி வைத்ததைச் சிலர் கேலி செய்தார்கள். பட்டறைக்காரன் கண்ணில் அது மிகப் புத்திசாலித்தனமான செயல். தண்ணீரில் நின்ற காரைப் பொறுத்தவரை உறுதியான விதி ஒன்றே: சாவியைத் திருகாதீர்கள். என்ஜின் தண்ணீர் குடித்திருந்தால், அமுங்காத தண்ணீரின் மேல் பிஸ்டன் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய சுத்தம் செய்யும் வேலை, என்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். மூழ்கிய காரை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண முழுக்காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா, அதன் விதிவிலக்குகள் என்ன என்று இன்றே படித்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள். ஓட்டும்போது எதிரே தேங்கிய நீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். ஓடும் நீர் என்றால் அந்த அளவுகூட அதிகம்.

கோடைக்குரிய இரண்டு: கூலன்ட், பேட்டரி. நம் ஊரில் தண்ணீர் உறையாது, எனவே கூலன்ட் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துரு பிடிக்காமலும் காக்கிறது. போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து, மே மாத நெரிசலில் சூடு ஏறும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். இப்போதைய பல ஹேட்ச்பேக்குகளில் வெப்ப முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியைக் குளிரைவிட வெப்பமே வேகமாகக் கொல்கிறது. உங்களுடைய குறுகிய ஓட்டத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் திரும்ப ஏறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. இரவு முழுவதும் நின்ற காரில், மீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய பேட்டரி என்றால், ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் போகும் முன் நீங்களே முந்திக்கொள்ளலாம்.

வேகத்தடையில் கடகடவென்று ஒலித்தால் சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், 80க்கு மேல் அதிர்ந்தால் பேலன்சிங். இவ்வளவு போதும்.

இனி உங்கள் பட்டியல். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் ஓராண்டு ஆகியிருந்தால் கட்டாயம், 4,000 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தாலும் கூட. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; அழுக்காக இருந்தால் மாற்றலாம். என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், உள் அலங்காரப் பூச்சு, ஏசி கிருமிநீக்கம் ஆகிய நான்கும் உங்கள் பாதுகாப்போடு தொடர்பில்லாதவை. கார் தடுமாறாமல் ஓடுகிறது என்றால் இம்முறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அண்டர்பாடி கோட்டிங் கடற்கரை ஊருக்குப் பயனுள்ளதுதான், ஆனால் ஏற்கெனவே பிடித்த துருவின் மேல் பூசினால் துருவை மூடி வளர்ப்பதாகிவிடும். முதலில் லிஃப்டில் தூக்கி நீங்களே கீழே நின்று பாருங்கள். எலி விரட்டும் மருந்தைப் பற்றி நான் உறுதி சொல்ல மாட்டேன். புகையிலை, நாப்தலீன், தெளிப்பான் எல்லாம் சிலருக்குப் பலித்திருக்கிறது, பலருக்கு ஒரு வாரத்தில் எலி திரும்பியிருக்கிறது. பானெட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் காரை இடம் மாற்றி நிறுத்துவதுமே நான் கண்டவரை உதவியவை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா என்பதிலும் பட்டறைகளில் வாதம் ஓயவில்லை. மைலேஜ் சற்றுக் குறைவது தெரிகிறது. ரப்பர் குழாய்கள் கெட்டதற்கு எத்தனால்தான் காரணம் என்று என் கையில் வந்த எந்த வண்டியையும் வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பெட்ரோல் நெடி வந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கோடை, மழை, மலை எனத் தனித்தனித் தயாரிப்பு தேவையா என்ற கேள்விக்கு, செப்டம்பரில் ஒருநாளும் மார்ச்சில் ஒருநாளும் ஒதுக்கினால் போதும் என்பது என் பதில். செப்டம்பரில் டயர், வைப்பர், விளக்கு; மார்ச்சில் கூலன்ட், பேட்டரி, பெல்ட், ஊட்டிக்கு முன் பிரேக். சர்வீஸ் தேதியை இந்த இரண்டில் ஒன்றோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

இந்தத் தீபாவளியைப் பொறுத்தவரை, பத்து நாட்களில் எல்லாவற்றையும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். நான்கு டயர், பிரேக் ஆயில், வைப்பர் ஆகிய மூன்றை மட்டும் முடித்துவிட்டு, மற்றவற்றை ஜனவரிக்குத் தள்ளிவைக்கலாம். நான்கு டயருக்கும் இப்போது பணம் இடிக்கிறது என்றால், இரண்டு புதிய டயர்களை வாங்கிப் பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். முன்னால் இருக்கும் பழைய இரண்டோடு 80க்கு மேல் போகாதீர்கள், பொங்கலுக்குள் அவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய டயர்களில் வெடிப்போ புடைப்போ இருந்தால் இந்த ஏற்பாடு செல்லாது. அப்படியானால் தாயாரை ரயிலில் அழைத்துச் செல்லுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033க்கு அழைக்கலாம், ஆட்களை இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். பின் இருக்கையிலும் எல்லோரும் பெல்ட் போடட்டும். கிளம்புவதற்கு முன் டிக்கியின் அடியிலிருக்கும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து, காற்றையும் அந்த நான்கு இலக்கத்தையும் பாருங்கள். எட்டு ஆண்டுகளாக அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.